ஒழுகுகிற இடம் ஒன்று, சொட்டுகிற இடம் ஒன்று: ஆர்.வி. கூரை பற்றி வாசகர் கேள்விகள்

சென்ற இதழில் பழைய டிராவல் டிரெய்லர் (காருக்குப் பின்னால் இழுத்துச் செல்லும், தங்கிப் படுக்க வசதியுள்ள ஆர்.வி. வண்டி) வாங்குவது பற்றி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை கூரையைப் பற்றியே இருந்தன. அதனால் இந்த மாதம் பிரேக், பேட்டரி, தண்ணீர்த் தொட்டி எல்லாவற்றையும் ஒதுக்கிவைத்துவிட்டுக் கூரைக்கு மட்டும் பதில் சொல்கிறேன். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்திருக்கிறேன். நீளமான கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

*

2014 மாடல் டிராவல் டிரெய்லர், போன வருடம் வாங்கினோம். முன்பக்கப் படுக்கையறையில் சீலிங் மூலையில் டீ கொட்டியது போல ஒரு கறை. அதற்கு நேர் மேலே கூரையில் ஒன்றுமே இல்லை. கொஞ்சம் தள்ளி ஒரு வென்ட் இருக்கிறது, அதைச் சுற்றிக் கடையில் கிடைத்த சிலிகானை நன்றாகப் பூசினேன். இரண்டு மழைக்குத் தாங்கியது. மூன்றாவது மழையில் கறை இன்னும் பெரிதாகிவிட்டது. எங்கே தவறு செய்தேன்?
— ஹூஸ்டன் வாசகர்

ஊரில் ஓட்டு வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இது புரியும். ஐப்பசி மழைக்கு முன்னால் ஓடு மாற்ற வருகிறவர், சொட்டு விழும் இடத்துக்கு நேர் மேலே இருக்கும் ஓட்டைத் தொடவே மாட்டார். சட்டத்தைப் பிடித்துக்கொண்டு மேலே மேலே பார்த்துக்கொண்டே போய், நாலு வரிசை தள்ளி ஒரு கீறல் ஓட்டை உருவுவார். ஆர்.வி.யிலும் அதே கதைதான். மேலே ரப்பர் விரிப்பு, அதன் கீழே பிளைவுட், அதன் கீழே குறுக்குச் சட்டங்களும் இன்சுலேஷனும், கடைசியில் நீங்கள் பார்க்கும் சீலிங். ஓரிடத்தில் நுழைந்த தண்ணீர் சட்டத்தோடு வழிந்து, இன்சுலேஷனில் ஊறி, எங்கே தாழ்வோ அங்கே வந்து கறையாகத் தெரியும். கறை தெரிகிற நாளுக்கு முன்னால் உள்ளே பல மழை இறங்கியிருக்கும்.

முன்மூலையில் கறை என்றால் நான் வென்ட்டைவிட மூன்று இடங்களை முதலில் சந்தேகப்படுவேன். ஒன்று, முன்பக்க முகப்பும் கூரை ரப்பரும் சேருகிற குறுக்கு மூட்டு. வண்டி ஓடும்போது காற்றும் அதிர்வும் முதலில் அடிப்பது அங்கேதான். இரண்டு, நெற்றியில் வரிசையாக இருக்கும் சிறிய மஞ்சள் விளக்குகள். அவற்றின் பின்னால் வயர் போக ஒரு ஓட்டை இருக்கிறது என்பதைப் பலர் நினைப்பதே இல்லை. மூன்று, கூரையும் பக்கச் சுவரும் சேரும் மூலையில் ஓடும் அலுமினியப் பட்டை. அதன் நடுவே ஒரு பிளாஸ்டிக் நாடா செருகியிருக்கும், அது வெயிலில் சுருங்கி விலகினால் உள்ளே இருக்கும் ஸ்க்ரூ ஒவ்வொன்றும் துருப்பிடித்துத் தண்ணீருக்கு வழிவிடும்.

கண்டுபிடிக்க எளிய வழி, ஒருவர் உள்ளே டார்ச்சோடு நிற்க, இன்னொருவர் வெளியே தோட்டத்து ஹோஸில் மெதுவாகத் தண்ணீர் விடுவது. கீழிருந்து ஆரம்பித்து மேலே வர வேண்டும், ஒவ்வொரு இடத்திலும் பத்து நிமிடமாவது பொறுமையாக. முதலிலேயே கூரை முழுக்க நனைத்துவிட்டால் எங்கே நுழைந்தது என்று தெரியாமல் போய்விடும். பிரஷர் வாஷர் மட்டும் வேண்டாம், நல்ல மூட்டையும் அது பிய்த்துவிடும். இதில் பிடிபடவில்லை என்றால் சில பழுதுக்கடைகளில் ஒரு சோதனை செய்வார்கள்: வண்டிக்குள் விசிறி வைத்துக் காற்றழுத்தம் ஏற்றிவிட்டு, வெளியே மூட்டுகளில் சோப்புத் தண்ணீர் தெளிப்பார்கள். ஓட்டை இருக்கும் இடத்தில் நுரை குமிழியிடும். காசு கொடுத்துச் செய்யத் தகுந்த சோதனை.

சரி, சிலிகான். இதை நான் கொஞ்சம் அழுத்தமாகவே சொல்கிறேன், ஏனென்றால் கடிதம் எழுதியவர்களில் பலர் இதையே செய்திருக்கிறார்கள். வீட்டுக் குளியலறைக்கு விற்கும் சிலிகான் ஆர்.வி. கூரை ரப்பரில் நிலைத்து ஒட்டாது. ஓரம் மெல்ல உரிந்து, தண்ணீரை உள்ளே வாங்கிப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதைவிட மோசம், அது பட்ட இடத்தில் பிறகு சரியான சீலன்ட் பூசினாலும் பிடிக்காது. பிளாஸ்டிக் பட்டி பிளேடை வைத்துப் பொறுமையாகச் சுரண்டி எடுங்கள். சிலிகான் கரைப்பான் என்று விற்பதை ரப்பர் மேல் ஊற்றிவிடாதீர்கள், அது ரப்பரையே கெடுக்கக்கூடும். முழுவதும் எடுத்து, துடைத்து, காய்ந்த பிறகு லேப் சீலன்ட் (ஆர்.வி. கூரை மூட்டுகளை அடைக்கப் பூசும் பசை) பூசலாம். எப்படிப் பூசுவது என்று ஃபீனிக்ஸ் வாசகருக்குச் சொல்லியிருக்கிறேன், பாருங்கள்.

அப்புறம் ஒன்று. ஒழுகலை அடைத்ததும் வேலை முடிந்தது என்று விட்டுவிடாதீர்கள். இரண்டு ஊசி வைத்த ஈரப்பத மீட்டர் ஒன்று வாங்கி, கறை உள்ள இடத்தையும், நன்றாக இருக்கும் வேறொரு இடத்தையும் அளந்து ஒப்பிடுங்கள். மரத்தில் ஈரம் 20 சதவீதத்துக்கு மேல் நின்றுகொண்டே இருந்தால் இற்றுப்போக ஆரம்பித்துவிடும். டீஹ்யூமிடிஃபையரும் (காற்றின் ஈரத்தை இழுக்கும் கருவி) விசிறியும் வைத்து நாள்கணக்கில் காய விட வேண்டும்.

*

எங்கள் கூரை இ.பி.டி.எம்.மா, டி.பி.ஓ.வா, ஃபைபர் கிளாஸா என்று எப்படித் தெரிந்துகொள்வது?
— ராலே, நார்த் கரோலினா

இ.பி.டி.எம்., டி.பி.ஓ. இரண்டும் கூரை விரிப்பு வகைகள், முன்னது ரப்பர், பின்னது பிளாஸ்டிக் தன்மை கொண்டது. தட்டிப் பார்த்துக் கட்டையாக, வழவழவென்று இருந்தால் ஃபைபர் கிளாஸ். விரலால் தேய்த்தால் சாக்பீஸ் போல வெள்ளைத்தூள் ஒட்டுகிறது, கொஞ்சம் மங்கலாக, ரப்பர் போலவே இருக்கிறது, கீறல் விழுந்த இடத்தில் கறுப்பு தெரிகிறது என்றால் பெரும்பாலும் இ.பி.டி.எம். டி.பி.ஓ. அதைவிடக் கொஞ்சம் பளபளப்பாக, பிளாஸ்டிக் தன்மையோடு இருக்கும். ஆனால் கண்ணை மட்டும் நம்பாதீர்கள். வண்டியின் அடையாள எண்ணை (வி.ஐ.என்.) சொல்லித் தயாரிப்பாளரிடம் கேட்டால் சொல்லிவிடுவார்கள். அமெரிக்க ஆர்.வி.க்களில் மிகப் பெரும்பகுதி இண்டியானாவின் எல்கார்ட் வட்டாரத்தில்தான் தயாராகிறது, ஒரு போன் போதும். இதைத் தெரிந்துகொள்ளாமல் எந்த டப்பாவையும் வாங்காதீர்கள், இ.பி.டி.எம்.முக்கு ஆகும் பூச்சு டி.பி.ஓ.வில் பிரைமர் (அடிப்பூச்சு) இல்லாமல் பிடிக்காமல் போகலாம்.

*

மழை பெய்து ஓய்ந்தால் வண்டியின் இரண்டு பக்கமும் வெள்ளை வெள்ளையாகக் கோடு இறங்குகிறது. என் கணவர் ஆரஞ்சு வாசனை வருகிற கிளீனர் ஒன்றைக் கூரையில் ஊற்றித் தேய்த்தார். பளிச்சென்று ஆனது. ஆனால் ஒரு மாதத்தில் சில இடங்களில் ரப்பர் உப்பினாற்போல இருக்கிறது. அதனால்தானா?
— அட்லாண்டா வாசகி

அதனால்தான் என்றே நினைக்கிறேன் அம்மா. இ.பி.டி.எம். ரப்பருக்கு ஆகாதவை இரண்டு: பெட்ரோலியக் கரைப்பான் கலந்தவை, ஆரஞ்சு எலுமிச்சை வகை எண்ணெய் கலந்த கிளீனர்கள். இவை ரப்பருக்குள் இறங்கி அதை ஊதவைக்கும், கீழே இருக்கும் பசையையும் விடுவிக்கும். டப்பாவில் ரப்பர் கூரைக்கு உகந்தது என்று எழுதியிருக்கிறதா என்று பார்ப்பதோடு, பின்பக்கத்துச் சிறிய எழுத்தில் பெட்ரோலியம் என்ற சொல் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

வெள்ளைக் கோடு நோய் இல்லை. வெயிலில் இ.பி.டி.எம். மேல்தோல் மெல்ல மெல்லப் பொடியாக உதிரும், அதுதான் வழிகிறது. வருடத்துக்கு மூன்று நான்கு முறை கழுவினால் அடங்கிவிடும். பாத்திரம் தேய்க்கும் சோப்பு, ஒரு வாளித் தண்ணீர், நடுத்தரமான பிரஷ், அவ்வளவுதான். மூன்றடிக்கு மூன்றடியாகத் தேய்த்து, உடனுக்குடன் அலசிவிட வேண்டும். கூரையில் ஏறுவதற்கு முன்னாலேயே பக்கச் சுவர்களை நனைத்துவிடுங்கள், அழுக்குத் தண்ணீர் காய்ந்து சுவரில் பிடிக்காது.

உப்பிய இடங்களை ஊசியால் குத்தாதீர்கள். பென்சிலால் சுற்றி வட்டம் போட்டு, தேதி எழுதி, போட்டோ எடுத்துவையுங்கள். இரண்டு மாதம் கழித்து வட்டத்துக்குள்ளேயே இருந்தால் விட்டுவிடலாம். வட்டத்தைத் தாண்டினாலோ, வண்டி ஓடும்போது அந்த இடம் காற்றில் படபடத்தாலோ, அந்தப் பகுதியைப் பிரித்துத் திரும்ப ஒட்டத்தான் வேண்டும்.

*

ஃபீனிக்ஸ் வெயிலில் வென்ட், ஸ்கைலைட், குழாய் சுற்றியிருக்கும் பழைய சீலன்ட் எல்லாம் வாய்க்கால் வெடிப்பு மாதிரி வெடித்திருக்கிறது. எல்லாவற்றையும் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டுமா? ஒரு கடையில் நாள் கணக்கில் கூலி சொல்கிறார்கள்.
— அரிசோனா வாசகர்

வேண்டாம். இங்கேதான் பலர் தேவையில்லாமல் செலவு செய்கிறார்கள். பழைய லேப் சீலன்ட் அடியில் உறுதியாகப் பிடித்திருந்தால், அதன் மேலேயே புதியதைப் பூசலாம். எது தானாகக் கையோடு வருகிறதோ, எது ஓரம் தூக்கியிருக்கிறதோ, அதை மட்டும் எடுங்கள்.

நிதானமாகச் சொல்கிறேன். காலையில், வெயில் ஏறுவதற்கு முன்னால் ஏறுங்கள். ஒரு வென்ட் முன்னால் உட்கார்ந்து அதன் நான்கு பக்கமும் கண்ணைக் கிட்டக் கொண்டுபோய்ப் பாருங்கள். நடுவில் தெரிகிற பெரிய வெடிப்பு பயமுறுத்தும், ஆனால் அது பெரும்பாலும் மேல்தோல்தான். ஆபத்து வேறு இடத்தில் இருக்கும்: சீலன்ட் முடிந்து ரப்பர் ஆரம்பிக்கும் விளிம்பில், முடி அளவுக்கு ஒரு கறுப்புக் கோடு. பட்டி பிளேடின் முனையை அங்கே லேசாக வைத்துத் தள்ளுங்கள். உள்ளே போகவில்லை என்றால் சரி. வெண்ணெயில் போவது போல உள்ளே வழுக்கிக்கொண்டு போனால், தண்ணீரும் அப்படித்தான் போய்க்கொண்டிருக்கிறது. அடுத்தது ஸ்க்ரூ தலைகள். சீலன்ட்டுக்கு மேலே ஒரு வட்டமான மேடு, அதன் உச்சியில் துரு நிறப் புள்ளி தெரிந்தால், அந்த ஸ்க்ரூ மேலேறி வந்திருக்கிறது. அதைக் கழற்றிக் கொஞ்சம் தடிமனான துருப்பிடிக்காத ஸ்க்ரூ போட்டு மூடுங்கள். போடும்போது அது பிடிப்பே இல்லாமல் சுற்றிக்கொண்டிருந்தால் கீழே மரம் இற்றிருக்கிறது என்று அர்த்தம்.

தளர்ந்ததை எடுத்த பிறகு சோப்புத் தண்ணீரில் கழுவி, காய்ந்ததும் ஐசோபுரோபைல் ஆல்கஹாலைத் துணியில் தொட்டு ஒருமுறை துடைத்து, அதுவும் ஆவியான பின் பூசுங்கள். லேப் சீலன்ட்டில் இரண்டு வகை. படுத்திருக்கும் பரப்புக்குத் தானே சமமாகப் பரவுகிற செல்ஃப் லெவலிங், நிற்கும் பரப்புக்கு வழியாத நான்-சேக் (non-sag). டைகோர் நிறுவனத்தின் 10.3 அவுன்ஸ் குழாய்கள்தான் இங்கே அதிகம் புழங்குகின்றன, வேறு நிறுவனங்களும் செய்கின்றன, உங்கள் கூரை ரகத்துக்கு ஆகுமா என்று மட்டும் பாருங்கள். செல்ஃப் லெவலிங்கைச் சாய்வான முன் முகப்பில் போட்டுவிட்டு, அது கண்ணாடி வரை ஒழுகி வந்ததாக இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள். அங்கே நான்-சேக்தான். 50 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே பூசக் கூடாது, உங்கள் ஊரில் அந்தக் கவலை குறைவு. ஸ்க்ரூ தலைகளையும் பிளாஸ்டிக் விளிம்பையும் முழுவதும் மூடி, ரப்பர் மேலும் கொஞ்சம் ஏறுகிற மாதிரி விடுங்கள். விரலால் தேய்த்து அழகுபடுத்த வேண்டாம், தோசைக்கல்லில் விட்ட மாவு போல அதுவே பரவிக்கொள்ளும். மேலே சீக்கிரம் தோல் கட்டும், உள்ளே முழுதாக இறுக ஒரு மாதம்கூட ஆகலாம்.

நீளமான நேர் மூட்டுகளுக்கு, முன் பின் முகப்புகள் கூரையோடு சேரும் இடத்துக்கு, எடர்னாபாண்ட் மாதிரியான டேப் நல்லது. ஆனால் அது ஒருமுறை ஒட்டினால் ஒட்டினதுதான். கோணலாகிவிட்டால் திரும்ப உரித்து ஒட்ட முடியாது. ஆகவே முதலில் பென்சிலால் கோடு போட்டு, பின்தாளை ஓரடி ஓரடியாக உரித்துக்கொண்டே உருளையால் அழுத்திக்கொண்டு போங்கள். அழுத்தம்தான் அதன் உயிர். கையால் தடவிவிட்டு இறங்கி வந்தால் ஓரம் தூக்கிக்கொள்ளும்.

எப்போது ஏற வேண்டும் என்று கேட்பவர்களுக்கு: தயாரிப்பாளர்கள் பலர் 90 நாளுக்கு ஒருமுறை பார்க்கச் சொல்கிறார்கள், வாரன்டிக்கும் அந்தப் பதிவைக் கேட்பார்கள். கூரை விரிப்புக்கு 10, 12 வருட வாரன்டி என்று விளம்பரத்தில் இருக்கும், அது விரிப்புக்கு மட்டும்தான். மூட்டில் பூசிய சீலன்ட்டும், அதன் வழியே இறங்கிய தண்ணீரும் உங்கள் பொறுப்பு என்று உள்ளே எழுதியிருக்கும். என் அனுபவத்தில் நடுவிரிப்பு தானாகக் கிழிந்து ஒழுகியது அபூர்வம், ஒழுகுவது எப்போதும் யாரோ ஓட்டை போட்டு எதையோ பொருத்திய இடத்தில்தான். வென்ட், ஆன்டெனா, ஏணி, சோலார் பேனல் கால் எல்லாம் ஓட்டைதான்.

*

அண்ணை, நாங்கள் டொரன்டோவில் இருக்கிறம். வின்டர் ஆறு மாசமும் ட்ரெய்லர் வெளியில்தான் நிக்குது. நீலத் தார்ப்பாலினால் மூடி, கயிறு போட்டுக் கட்டி வைக்கிறனான். போன வசந்தத்தில் திறந்து பார்த்தால் இரண்டு மூலையிலும் ரப்பர் தேய்ஞ்சு போய்க் கிடக்குது. ஸ்நோவை அள்ளிக் கொட்ட வேணுமோ, விட வேணுமோ?
— ஸ்கார்பரோ வாசகர்

தம்பி, தேய்த்தது பனி இல்லை, தார்ப்பாலின்தான். எவ்வளவு இறுக்கிக் கட்டினாலும் காற்றில் அது அடித்துக்கொண்டே இருக்கும், ஆறு மாதம் உப்புத்தாள் போட்டுத் தேய்த்த மாதிரி. கீழே ஈரமும் அடைபட்டுப் பூஞ்சை பிடிக்கும். காற்று போய்வருகிற ஆர்.வி. உறை வாங்குங்கள். போடுவதற்கு முன்னால் மழைநீர் வாய், ஆன்டெனா, ஏணி என்று கூராக நிற்கும் எல்லாவற்றுக்கும் ஸ்பாஞ்ச் சுற்றுங்கள், டென்னிஸ் பந்தை வெட்டியும் மாட்டலாம்.

உங்கள் ஊரில் முக்கியம் குளிர் வருவதற்கு முந்தின வேலை. முடி அளவு வெடிப்பில் இறங்கிய தண்ணீர் உறைந்தால் ஒன்பது சதவீதம் போலப் பருக்கும். பகலில் இளகும், இரவில் உறையும், ஒவ்வொரு தடவையும் அந்த வெடிப்பை இன்னும் கொஞ்சம் விரிக்கும். அக்டோபர் பிற்பகுதியில் சீலன்ட் குழாயோடு ஏறினால் பிடிக்காது, 10 டிகிரி செல்சியஸாவது வேண்டும். செப்டம்பரிலேயே முடித்துவிடுங்கள். நிறுத்தும்போது முன்பக்கத்தை ஒரு சாண் உயர்த்தி நிறுத்தினால் இளகும் தண்ணீர் தேங்காமல் ஓடிவிடும்.

பனி லேசாகக் கிடந்தால் விட்டுவிடலாம். கனமாக, ஈரமாகக் குவிந்தால் தரையில் நின்றபடி ஸ்பாஞ்ச் தலை வைத்த நீளக் கோலால் இழுத்துத் தள்ளுங்கள், அடியில் ஒரு மெல்லிய படலத்தை விட்டுவைத்துத்தான். இரும்பு மண்வெட்டி கூரைப் பக்கமே போகக் கூடாது. பனி மேல் ஏறவும் கூடாது.

*

கேம்ப் கிரவுண்டில் மரக்கிளை விழுந்து கூரையில் ஒரு முழ நீளத்துக்குக் கிழிந்துவிட்டது. இன்சூரன்ஸ் கிடைக்குமா? அதுவரை என்ன செய்வது?
— ஆஸ்டின் வாசகர்

காம்ப்ரிஹென்சிவ் (மோதல் அல்லாத சேதங்களுக்கான காப்பீடு) எடுத்திருந்தால் கிளை, ஆலங்கட்டி போலத் திடீரென்று நடந்ததற்குப் பொதுவாகக் கிடைக்கும். மெல்ல மெல்ல ஒழுகி இற்றதற்கு, பராமரிப்புக் குறை என்று சொல்லிப் பொதுவாகக் கொடுக்க மாட்டார்கள். அதனால்தான் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூரையைத் தேதியோடு போட்டோ எடுத்துவைக்கச் சொல்கிறேன், கிளை விழுவதற்கு முன்னால் கூரை நன்றாக இருந்தது என்பதற்கு அதைவிடச் சாட்சி இல்லை.

இப்போதைக்குக் கிளையை இழுக்காமல் தூக்கி எடுத்து, முதலில் போட்டோ. பிறகு கிழிசலைச் சுற்றிக் கழுவிக் காயவைத்து, இரண்டு உதட்டையும் சேர்த்துப் படுக்கவைத்து, நாலு அங்குல அகல டேப்பை இரு பக்கமும் நன்றாகத் தாண்டுகிற மாதிரி ஒட்டி உருளையால் அழுத்துங்கள். டேப்பின் மூலைகளை வட்டமாக வெட்டுங்கள், கூர் மூலைதான் முதலில் உரியும். இரண்டு துண்டு தேவைப்பட்டால் தாழ்வான பக்கத்துத் துண்டை முதலில் ஒட்டி, மேட்டுப் பக்கத்துத் துண்டு அதன் மேல் ஏற வேண்டும், ஓடு அடுக்குகிற மாதிரி. கீழே பிளைவுட் உடைந்திருந்தால் இது தற்காலிகம்தான்.

*

ஏ.சி.க்குக் கீழே சொட்டுகிறது. மழையிலும் சொட்டுகிறது, சில நாள் மழையே இல்லாமலும் சொட்டுகிறது. ஏ.சி.யைச் சுற்றி சீலன்ட் போட்டு அடைத்துவிடலாமா?
— டாம்பா, ஃப்ளோரிடா

அடைக்கவே கூடாது. ஏ.சி.யிலிருந்து வரும் தண்ணீர் இயல்பாகவே கூரை மேல் வழிந்து ஓட வேண்டும், சுற்றி அடைத்தால் அது உள்ளேதான் இறங்கும். பதினான்கு அங்குலச் சதுர ஓட்டை மேல் ஒரு ஸ்பாஞ்ச் கேஸ்கெட், அதன் மேல் ஏ.சி. உட்கார்ந்திருக்கிறது. மழையில் சொட்டினால் கேஸ்கெட் தளர்ந்திருக்கும். கரன்டை அணைத்துவிட்டு, உள்ளே சீலிங் மூடியைக் கழற்றினால் நான்கு போல்ட் தெரியும். ஒவ்வொன்றையும் கால் சுற்று, கால் சுற்றாக, எல்லாம் சமமாக இறுகும்படி முடுக்குங்கள். ஓரங்குல கேஸ்கெட் அரை அங்குலமாக அமுங்கினால் போதும். அதற்கு மேல் முடுக்கினால் கேஸ்கெட் செத்துவிடும், புதிதுதான் போட வேண்டிவரும். மழையில்லாத நாளில், ஏ.சி. நெடுநேரம் ஓடும்போது சொட்டினால் வடிகால் அடைத்திருக்கிறது, மேல்மூடியைக் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள். உங்களுக்கு இரண்டும் இருக்கிற மாதிரித் தெரிகிறது.

*

2008 மாடல், 28 அடி. கூரையில் நடந்தால் இரண்டு இடத்தில் பொதபொதவென்று அமுங்குகிறது. ஒரு கடையில் முழுக் கூரை மாற்ற 11,000 டாலர் கேட்கிறார்கள். இன்னொருவர் அதெல்லாம் வேண்டாம், மேலே திரவ ரப்பர் ஊற்றிவிட்டால் பத்து வருடம் கவலையில்லை என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?
— எடிசன், நியூ ஜெர்சி

பூச்சு ஊற்றச் சொல்பவரை இந்த விஷயத்தில் கேட்காதீர்கள். பூச்சு கெட்ட பொருள் இல்லை. கீழே மரம் கெட்டியாக, காய்ந்து இருந்து, விரிப்பு மட்டும் வெயிலில் தேய்ந்திருந்தால் நல்ல பூச்சு வருடக்கணக்கில் ஆயுள் கூட்டும். (சிலிகான் வகைப் பூச்சு என்றால் ஒன்று நினைவிருக்கட்டும், பிறகு எப்போதும் அதன் மேல் சிலிகான் மட்டும்தான் பிடிக்கும்.) ஆனால் அமுங்குகிற கூரைக்கு மேலே ஊற்றுவது, ஈரத்தை உள்ளே வைத்துத் தைப்பது.

என் முதல் டிரெய்லரில் இதை நான் கண்ணால் பார்த்தேன். விற்றவர் கூரை புதிதாகப் பூசியது என்றார், மேலே பார்த்தால் வெள்ளைவெளேரென்று இருந்தது, வாங்கிவிட்டேன். முதல் பயணத்திலேயே இரண்டு நாள் அடைமழை. காலையில் மெத்தையின் ஒரு மூலை ஈரம். ஊர் திரும்பி, அந்தப் பக்கத்துப் பூச்சையும் ரப்பரையும் வெட்டிப் பிரித்தேன். உள்ளே பிளைவுட் பலகையாகவே இல்லை. ஈரமான காபித்தூள் போலக் கறுப்பாக, கையில் அள்ளினால் விரல் இடுக்கில் வழிந்தது. இன்சுலேஷன் பிழிந்தால் தண்ணீர் கொட்டியது. சட்டத்தில் அடித்திருந்த ஆணிகளை விரலாலேயே உருவ முடிந்தது. என் மனைவி மூக்கில் துணி கட்டிக்கொண்டு கீழே வாளி பிடித்து நின்றாள். நான்கு மாத வார இறுதிகள் போயின. அந்த அழகான வெள்ளைப் பூச்சுக்குக் கீழே அத்தனை நாளும் எங்கள் இரண்டு பிள்ளைகளும் படுத்திருந்தார்கள், அந்தப் பூஞ்சைக் காற்றைத்தான் சுவாசித்திருக்கிறார்கள். இன்றைக்கு நினைத்தாலும் மனம் பதைக்கிறது.

விலைக்கு வருவோம். முழுக் கூரை மாற்ற அடிக்கு 300 டாலர் சுமார் என்று கணக்குச் சொல்வது வழக்கம். 28 அடிக்கு 8,400. இற்ற மரம் மாற்றுவது அதற்கு மேல். ஆக 11,000 அநியாய விலை இல்லை. கேட்க வேண்டிய கேள்வி வேறு: சரிசெய்த பிறகும் உங்கள் 2008 வண்டிக்கு அந்தப் பணம் பெறுமா? நீங்கள் இன்னும் பத்து வருடம் வைத்துக்கொள்ளப் போகிறீர்கள், சட்டம், தரை, பக்கச் சுவர் எல்லாம் நன்றாக இருக்கிறது என்றால் செய்யலாம். பக்கச் சுவரில் கன்னம் உப்பிய மாதிரி வெளித்தள்ளல் இருந்தால் சுவருக்குள்ளும் தண்ணீர் இறங்கிவிட்டது, அப்போது நான் அந்தப் பணத்தைப் போட மாட்டேன்.

நடுவழி ஒன்று இருக்கிறது. அமுங்குவது இரண்டு இடம் மட்டும்தான் என்றால், அந்த இடத்து விரிப்பைத் திறந்து, இற்ற பலகையை நல்ல மரம் தெரியும் வரை வெட்டி எடுத்து, காயவைத்து, அதே தடிமனில் புதுப் பிளைவுட் வைத்து, மேலே விரிப்பு ஒட்டி, ஓரங்களை டேப்பால் மூடலாம். ஒரு சொந்தக்காரர், ஒரு நண்பர் துணையிருந்தால் வீட்டிலேயே செய்யக்கூடிய வேலை. ஆனால் திறந்த பிறகு கெட்டது எவ்வளவு தூரம் போகிறது என்பது அப்போதுதான் தெரியும், அதற்கு மனதைத் தயார் செய்துகொண்டு திறவுங்கள். விற்பதாக இருந்தால், வாங்குபவரிடம் அமுங்கும் இடத்தைக் காட்டிச் சொல்லி விற்றுவிடுங்கள். அந்த வண்டியிலும் ஒரு குடும்பம் படுக்கப் போகிறது.

*

எனக்கு வயது 66. ஏணியில் ஏறப் பயமாக இருக்கிறது, பிள்ளைகளும் ஏற விடமாட்டேன் என்கிறார்கள். கூரையை எப்படிப் பார்த்துக்கொள்வது?
— சேக்ரமென்டோ வாசகர்

பிள்ளைகள் சொல்வது சரி ஐயா, ஏறாதீர்கள். சோப்பு பட்ட ரப்பர் பாசி பிடித்த படிக்கட்டு மாதிரி, இளைஞர்களையே வழுக்கிவிடும். வண்டியின் பின்னால் இருக்கும் ஏணி பலவற்றுக்கு 250 பவுண்டுதான் தாங்கும் என்று எழுதியிருப்பார்கள், சில கூரைகள் நடப்பதற்கென்றே கட்டப்படவில்லை. நடக்க முடிந்த கூரையிலும் ஒரு பிளைவுட் துண்டைப் போட்டு அதன் மேல் மண்டியிடுவதுதான் முறை.

நீங்கள் தரையில் நின்றபடியே பாதி வேலையைச் செய்யலாம். செல்போனை நீளமான செல்ஃபி கோலில் மாட்டி வீடியோ எடுங்கள், நான்கு பக்கமும் சுற்றி வந்து, வென்ட் ஒவ்வொன்றின் மேலும் சில நொடி நிறுத்தி. பிறகு வீட்டுக்குள் டிவியில் பெரிதாகப் போட்டுப் பாருங்கள். உள்ளே, ஒவ்வொரு மழைக்குப் பிறகும் மேல் அலமாரிகளைத் திறந்து, பின்மூலையில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள், மோந்தும் பாருங்கள். ஈர வாடை கறைக்கு முன்னால் வரும். ஸ்லைடு அவுட் (வண்டியை நிறுத்தியபின் வெளியே நீட்டும் அறைப்பகுதி) இருந்தால் அதன் தலையையும் மறக்காமல் வீடியோ எடுங்கள், அதை உள்ளே இழுக்கும்போது மேலே கிடக்கும் சருகும் தண்ணீரும் கூடவே உள்ளே வரும்.

சீலன்ட் வேலைக்கு வீட்டுக்கே வரும் மொபைல் டெக்னீஷியனைக் கூப்பிடுங்கள். எல்கார்ட்டில் இருக்கும் ஆர்.வி. டெக்னிக்கல் இன்ஸ்டிட்யூட், டெக்ஸாஸ் ஏதென்ஸில் இருக்கும் என்.ஆர்.வி.டி.ஏ. (நேஷனல் ஆர்.வி. டிரெய்னிங் அகாடமி) இரண்டும் சான்றிதழ் கொடுக்கின்றன, இருக்கிறதா என்று கேளுங்கள். வருகிறவரிடம் மூன்று சொல்லிவிடுங்கள்: சிலிகான் கூடாது, தளர்ந்ததை மட்டும் எடுத்தால் போதும், ஆரம்பிக்கும் முன்னாலும் முடித்த பின்னாலும் ஒவ்வொரு மூட்டையும் போட்டோ எடுத்துக் காட்ட வேண்டும். உங்கள் ஊரில் மழை பெரும்பாலும் நவம்பரில் பிடிக்கும். செப்டம்பர் கடைசிக்குள் நாள் குறித்துவிடுங்கள், அதற்கு மேல் அவர்களுக்கும் கை ஓயாது.